ஒன்பது புள்ளிச் சாம்பல்

முதல் நாளே சொல்லிவிட்டார் தோன் அர்னால்தோ பாரியா:
"மலத்தொட்டி என்று போடு."
நான் போட்டிருந்தது
திரவ மேலாண்மைத் தீர்வுகள்.
பின்னணியில் ஒரு பச்சை இலை,
இலை நுனியில் ஒரு சொட்டு.
அந்தச் சொட்டைத் திரையில் தொட்டுப் பார்த்து
"இது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்" என்றார்.

ஜூலை. சிலோயே தீவில்
மழை விடுப்பு எடுக்காத மாதம்.
என் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது.
அவர் மேலங்கியிலிருந்து வடிந்த நீர்
என் பலகைத் தரையில் இன்னொரு தீவை வரைந்தது.

இரண்டாவது வடிவத்தில் இலை போயிற்று.
மூன்றாவதில் சிரிக்கும் குடும்பம் போயிற்று.
"யார் இவர்கள்? நான் போய் இறங்கும்போது
யாரும் சிரித்துக்கொண்டு நின்றதில்லை."
ஐந்தாவதில் லாரி வந்தது,
சேறு தெறித்த அந்த மஞ்சள் லாரி.
கழுவிவிட்டுப் படமெடுக்கலாமே என்றேன்.
கழுவின லாரி வேலையில்லாத லாரி என்றார்.

வெள்ளை இடத்தைப் பற்றிப் பேசினேன்.
சாந்தியாகோவில் நான்கு வருடம் படித்ததை எல்லாம் பேசினேன்:
கண் இளைப்பாற வேண்டும்,
எழுத்து மூச்சு விட வேண்டும்,
பக்கம் என்பது ஒரு அறை மாதிரி.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.
பிறகு,
"காலி இடத்துக்கும் சேர்த்தா காசு வாங்குகிறாய்?"

எட்டு, ஒன்பது, பத்து.
ஒவ்வொரு முறையும் ஒரே குரல்செய்தி,
பின்னால் பம்பு இரைய:
நம்பரைப் பெரிசாக்கு. இன்னும்.
பதினொன்றில் அது பாதித் திரை.
பன்னிரண்டில் லாரியின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.
தோழி யாஸ்னா பார்த்துவிட்டு
இது வலைத்தளமா லாட்டரிச் சீட்டா என்றாள்.
அன்றிரவே பக்கத்தின் அடியிலிருந்து
என் பெயரை எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் ஜெயித்தேன்.
கட்டண விவரம்: கீழே, ஓரமாக,
ஒன்பது புள்ளி அளவில், மெல்லிய சாம்பல் நிறத்தில்.
மொத்தப் பக்கத்திலும் எனக்குப் பிடித்த வரி அதுதான்.
அவர் கண்ணில் அது படவே இல்லை என்று நினைத்தேன்.
பதினான்காவதை ஏற்றுக்கொண்டார்.
கடைசித் தவணை மட்டும் வெள்ளிக்கிழமை என்றார்.

வெள்ளிக்கு முன்னால் புதன் வந்தது.
இரவு இரண்டு ஐம்பது.
மழை தொட்டியை நிரப்பி, தொட்டி குழாயை நிரப்பி,
குழாய் என் வீட்டைக் கண்டுபிடித்தது.
குளியலறையில் முதலில் ஒரு விக்கல்.
பிறகு, திரவ மேலாண்மை.

மின்சாரம் இல்லை. மூக்குக்கண்ணாடி எங்கோ.
ஒரு கையில் துடைப்பம். மறு கை
சொல்லும்படி இல்லை.
நான்கு சதவீத உயிரோடு அலைபேசி.
மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தைத் திறந்தால்
நிற்கிறது.
கலங்கரை விளக்கம் மாதிரி என்று எழுத ஆசைதான்,
இல்லை, நம்பர் மாதிரியே நின்றது,
ஒன்பது இலக்கங்கள்,
முழங்கையால் அழுத்தினாலும் தப்பாத அளவில்.

மூன்றரைக்கு மஞ்சள் லாரி, சேற்றோடு.
கதவைத் திறந்த என் முகத்தைப் பார்த்து
"நான் சொன்னேனே" என்றார்,
சிரிக்காத குடும்பத்தைப் பற்றி.
குழாயை இறக்கினார். பம்பு இரைந்தது.
பதினான்கு குரல்செய்திகளில் கேட்ட இரைச்சல்;
நேரில் அது அவ்வளவு மோசமில்லை.

ஐந்து மணிக்கு ரசீது.
இரவுக் கட்டணம், ஒன்றரை மடங்கு.
இது எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன்.
கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.
ஆனாலும் அவர் தன் அலைபேசியை எடுத்தார்,
கையுறையைக் கழற்றினார்,
இரண்டு விரலால் விரித்தார், விரித்தார்.
நான் பார்த்துப் பார்த்து வெளுக்கவைத்த சாம்பல்
புகைக்குள்ளிருந்து ஒரு வாக்கியமாக வெளியே வந்தது.

தவணையில் கழித்துக்கொள்கிறேன் என்றார்.
லாரியில் ஏறி, திரும்பக் கண்ணாடியை இறக்கி,
மழைக்கு மேல் குரலை உயர்த்தி,
"அந்த எழுத்தைப் பெரிசாக்கு.
கூப்பிடுவதற்கு முன்னால் தெரிய வேண்டாமா,
பாவம், ஜனங்களுக்கு."

பதினைந்து.